தண்ணீரைச் சிறிதாக்க முடியாது: ஓடும் மாதிரிப் படகுகளைப் படமெடுக்கும் முறை

மாதிரிக் கப்பல் செய்பவர் கொடிமரம், நங்கூரம், ஏணி என்று எல்லாவற்றையும் ஐம்பதில் ஒரு பங்காகக் குறுக்கிவிடுகிறார். ஏரித் தண்ணீர் மட்டும் குறுகுவதில்லை. 3 மி.மீ. திவலை ஒன்று 1:50 அளவுக் கப்பலின் பக்கத்தில் 15 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குண்டாகத் தெரியும். ஓடும் மாதிரிப் படகைப் படமெடுப்பதில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

ஆகவே கேமராவை எடுப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். படத்தில் நிஜக் கப்பல் தெரிய வேண்டுமா, ரிமோட் படகுப் பந்தயத்தின் வேகம் தெரிய வேண்டுமா? முதல் வகையில் தண்ணீரின் உண்மை அளவை மறைக்கிறோம். இரண்டாவதில் அதைத் தாராளமாகக் காட்டுகிறோம். நிற்கும் இடம், ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எல்லாமே இரண்டுக்கும் வேறுவேறு. நடுவில் ஒரு செட்டிங்கைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் எடுக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

லென்ஸ் எங்கே இருக்க வேண்டும்

கரையில் நிற்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். 1:50 அளவில் அது 80 மீட்டர். அதாவது நின்றுகொண்டு எடுக்கும் ஒவ்வொரு படமும் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படம். மேல்தளம் முழுக்கத் தெரியும், பின்னால் வெறும் தண்ணீர்தான் இருக்கும், பார்த்தவுடன் பொம்மை என்று தெரிந்துவிடும். லென்ஸைத் தண்ணீருக்கு 6 செ.மீ. மேலே கொண்டுவந்தால் அது 3 மீட்டர் உயரம், பக்கத்துப் படகில் நிற்பவரின் பார்வை. எந்த விலையுயர்ந்த லென்ஸும் தராத மாற்றத்தை இந்த ஒன்றரை மீட்டர் இறக்கம் தரும்.

இதற்குத் தாழ்வான படித்துறையோ மிதவை மேடையோ நல்ல இடம். தரையில் ஒரு தார்ப்பாய் விரித்துப் படுத்து, அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பையின் மேல் லென்ஸை வைத்தால் ட்ரைபாட் தேவையில்லை. ட்ரைபாட் கால்கள் பெரும்பாலும் தண்ணீர் மட்டத்துக்கு இறங்காது. இறங்கினாலும் ஓடும் படகைத் தொடர முடியாதபடி கட்டிப்போட்டுவிடும். மடங்கும் திரை உள்ள கேமராவாக இருந்தால் கழுத்து தப்பும். பட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கழுத்தில் தொங்கும் பட்டை தண்ணீரில் விழுந்து ஊறி, லென்ஸ் மேல் சொட்டும்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. போனைத் தலைகீழாகத் திருப்பினால் மேல்மூலையில் இருக்கும் லென்ஸ் கீழே வந்துவிடும். தண்ணீருக்கு 2 செ.மீ. மேலே வரை இறக்கலாம். படம் தானாகவே நேராகச் சேமிக்கப்படும்.

படகு ஓட வேண்டிய வேகம்

படம் எடுப்பவர் கவனிக்காமல் விடுவதும், படகு ஓட்டுபவர் பெரும்பாலும் தவறாகச் செய்வதும் இதுதான். 1:25 அளவு இழுவைக் கப்பல் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும்? நிஜக் கப்பலின் வேகம் 10 நாட், அதாவது விநாடிக்கு 5.14 மீட்டர். அதை 25-ஆல் வகுத்தால் விநாடிக்கு 20 செ.மீ. வரும். அந்த வேகத்தில் ஓட்டினால் படகின் முன்னால் அலையே எழாது, குளத்தில் மிதக்கும் கட்டைபோல நகரும். வகுக்க வேண்டியது அளவின் வர்க்கமூலத்தால். 25-இன் வர்க்கமூலம் 5, ஆகவே விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட், கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துச் சோதித்து நிறுவிய விதி இது. இந்த வேகத்தில் போனால்தான் அணியத்தில் (படகின் முன்முனையில்) எழும் அலையும், பக்கவாட்டில் ஓடும் அலைவரிசையும் நிஜக் கப்பலின் அலையோடு வடிவத்தில் ஒத்துப்போகும். 1:100 போர்க்கப்பலின் நிஜ வேகம் 30 நாட் என்றால், மாதிரிக்கு விநாடிக்கு 1.5 மீட்டர் போதும். அதற்கு மேல் விரட்டினால் அணியம் தூக்கிக்கொண்டு, போர்க்கப்பல் மோட்டார் படகுபோல ஆகிவிடும்.

அளப்பது எளிது. 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு மிதவைகளைப் போட்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் நேரத்தைப் பாருங்கள். 5 விநாடி ஆனால் விநாடிக்கு 1 மீட்டர். ஓட்டுபவரிடம் ரிமோட்டின் த்ராட்டில் எந்த இடத்தில் இருந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மிதவைகளை எடுத்துவிடலாம்.

வீடியோவுக்கும் இதே கணக்குதான். விநாடிக்கு 120 சட்டத்தில் (ஃப்ரேமில்) எடுத்து 24-இல் ஓட்டினால் 5 மடங்கு மெதுவாகும். 1:25 மாதிரிக்கு அது கச்சிதம், அலை கனமாக விழும். 1:100-க்கு 240 சட்டம் வேண்டும், 10 மடங்கு. அளவுக்குப் பொருந்தாத மெதுவோட்டம் போட்டால் தண்ணீர் எண்ணெய்போல வழியும்.

நிஜக் கப்பல் போல எடுக்க

படகு ஓடத் தொடங்குமுன் அதை ஒருமுறை துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். மேல்தளத்தில் நிற்கும் 4 மி.மீ. நீர்த்துளி, தூசி, விரல்ரேகை எல்லாம் படத்தில் பெரிதாகத் தெரியும். கப்பலின் நீர்க்கோடு தண்ணீர் மட்டத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எடை குறைவாக இருந்தால் சிவப்பு அடிப்பாகம் கூடுதலாக வெளியே தெரியும், அலையில் தக்கைபோலத் துள்ளும். அடியில் எடை சேர்த்துச் சரிசெய்வது படகுக்காரரின் வேலை, ஆனால் கேட்டு வாங்குவது படமெடுப்பவரின் வேலை. மாலுமி பொம்மைகள் இருந்தால் அவை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும்.

லென்ஸ் விஷயத்தில் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். 200 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு தூரத்திலிருந்து எடுத்தால் பின்கரை முழுக்கக் கரைந்துபோகும். பின்னணி மங்கினாலே பார்ப்பவரின் மூளை ‘பக்கத்தில் இருக்கும் சின்னப் பொருள்’ என்று முடிவுகட்டிவிடும். நிஜக் கப்பலை எடுக்கும்போது பின்னாலுள்ள கரையும் ஓரளவு தெளிவாகவே இருக்கும். ஃபுல் ஃப்ரேம் (36 மி.மீ. அகலச் சென்சார் உள்ள) கேமராவில் 70 மி.மீ. வைத்து 3.5 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், 1 மீட்டர் நீளப் படகு சட்டத்தில் பாதிக்குச் சற்று மேல் நிறையும். 200 மி.மீ.-இல் 10 மீட்டரிலிருந்து எடுத்தாலும் படகு அதே அளவுதான் வரும், ஆனால் 60 மீட்டருக்கு அப்பாலுள்ள மரங்கள் இரண்டரை மடங்கு அதிகமாக மங்கும். எனவே 50–100 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் எஃப்/11 முதல் எஃப்/16 வரை (எண் கூடினால் திறப்பு சிறிதாகும், பின்னணி தெளியும்). சிறிய சென்சார் உள்ள போனும் பழைய கையடக்கக் கேமராவும் இந்த வேலைக்கு விலையுயர்ந்த கேமராவைவிடக் கைகொடுக்கும். போனின் போர்ட்ரெய்ட் மோடை மட்டும் தொடாதீர்கள். அது பின்னணியைக் கரைத்து, கூடவே கொடிக்கம்பியையும் கயிறுகளையும் தின்றுவிடும்.

ஷட்டரை 1/2000 விநாடிக்கு ஏற்றினால் ஒவ்வொரு திவலையும் உறைந்து நின்று, அளவைக் காட்டிக்கொடுக்கும். 1/250 வைத்துக்கொண்டு படகோடு கேமராவையும் சேர்த்து நகர்த்துங்கள். படகு கூர்மையாக நிற்கும், திவலைகள் சின்னக் கோடுகளாக இழுபட்டு நுரைபோலத் தெரியும். நகர்த்தாமல் 1/250-இல் எடுத்தால் விநாடிக்கு 1 மீட்டர் ஓடும் படகே கலங்கிவிடும். கையை நகர்த்த முடியாத இடமென்றால் 1/1000 தேவைப்படும்.

பளிச்சென்ற வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) 200, எஃப்/11, 1/400 என்று தொடங்கலாம். அங்கிருந்து அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் நகர்த்தினால் போதும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது).

அணியம் கேமராவை நோக்கி, முக்கால் பக்கமாக வரும்போது படம் பலமாக இருக்கும். அலை எழுவதும் பக்கமும் மேற்கட்டுமானமும் ஒன்றாகத் தெரியும் கோணம் அது. நேர்ப்பக்கவாட்டில் எடுத்த படம் ஆவணத்துக்கு நல்லது, கண்ணுக்குச் சலிப்பு. பின்பக்கத்திலிருந்து எடுத்தால் அலைத்தடம் அழகாக விரியும், ஆனால் பல மாதிரிகளில் சுக்கான் தண்டும் மூடியின் விளிம்பும் ரிமோட் ஆன்டெனாவும் அங்கேதான் இருக்கும். படகுக்கு முன்னால் உள்ள இடத்தைப் பின்னால் உள்ளதைவிட அதிகமாக விடுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் படகு எழுப்பிய அலை கரையில் மோதித் திரும்பி வரும். உடனே அடுத்த ஓட்டம் போனால் குறுக்கும் நெடுக்குமாக அலை மோதி, கடலில் நடக்காத ஒன்று படத்தில் நடக்கும். ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். ஓட்டுபவருக்கு இதைச் சொல்லிவைக்காவிட்டால் அவர் உற்சாகத்தில் வட்டமடித்துக்கொண்டே இருப்பார்.

காற்றும் அளவோடு சேர்ந்த விஷயம். 3 செ.மீ. உயரச் சிற்றலை 1:50-இல் ஒன்றரை மீட்டர் அலை, கப்பலுக்குத் தோதானது. 10 செ.மீ. அலை என்றால் 5 மீட்டர், புயல். கண்ணாடிபோல அசையாத தண்ணீர் துறைமுகக் காட்சிக்குப் பொருந்தும், நடுக்கடல் காட்சிக்குப் பொருந்தாது. விடிந்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பெரும்பாலும் காற்று மெலிதாகவும் ஒளி சாய்வாகவும் இருக்கும். இரண்டுமே வேண்டியவை.

பாய்மரப் படகுகள்

1 மீட்டர் நீளமுள்ள பந்தயப் பாய்மரப் படகுக்குப் பாய் மட்டும் ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம் இருக்கும். ஆகவே கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கிடையாகப் பிடித்தால் ஒன்று பாயின் நுனி வெட்டுப்படும், இல்லையேல் இரண்டு பக்கமும் வெற்றுத் தண்ணீர் நிறையும். பல படகுகள் ஒன்றாக வரும்போது மட்டும் கிடைச்சட்டம் சரி.

பாய் மெல்லிய துணியோ ஃபிலிமோ என்பதால் எதிர்வெளிச்சத்தில் விளக்குபோல ஒளிரும். சூரியன் பாய்க்குப் பின்னால் இருக்கும்படி நின்று, கேமரா காட்டும் அளவைவிட ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருந்தால் நிலைமை நேர்மாறு: வெள்ளைப் பாய் வெளுத்துப்போகாமலிருக்க மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும்.

படகு காற்றில் சாயும்போது, காற்று போகும் பக்கம் நிற்பவருக்கு மேல்தளமும் பாயின் புடைத்த வயிறும் தெரியும். காற்று வரும் பக்கம் நின்றால் படகின் அடிப்பாகம் தெரியும். வேகமும் சாய்வும் கூடிய படம் வேண்டுமென்றால் இரண்டாவது இடம் நல்லது. பந்தயத்தில் தொடக்கக் கோடும், காற்றை எதிர்த்துப் போய்த் திரும்பும் மிதவையும்தான் படகுகள் நெருங்கும் இடங்கள். அந்த மிதவைக்கு நேரே கரையில் இடம் கிடைத்தால் வேறெங்கும் அலைய வேண்டாம். பந்தயம் நடக்கும்போது ஓட்டுபவர்கள் கரையோரம் படகோடு நடப்பார்கள். அவர்கள் பாதையில் படுத்துக்கொண்டோ பேச்சுக் கொடுத்தோ மறிக்கக் கூடாது.

இன்னொன்று, பாய்மரத்தை வைத்துப் படத்தை நேராக்காதீர்கள். சாய்ந்த படகு சாய்ந்தே இருக்கட்டும், தண்ணீர்தான் மட்டமாக இருக்க வேண்டும்.

வேகப் படகுகள்

முதலில் பாதுகாப்பு. மின்மோட்டார் பந்தயப் படகு மணிக்கு 50 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். ரிமோட் தொடர்பு அறுந்தாலோ சுக்கான் ஒடிந்தாலோ அது நேராகக் கரையேறும். எனவே கப்பல் மாதிரிகளுக்குச் சொன்ன தண்ணீரோரப் படுக்கை இங்கே கூடாது. ஓட்டுபவர்களின் வரிசைக்குப் பின்னால், தடுப்பு இருந்தால் அதற்கு அப்பால், நின்றோ முழங்காலிட்டோ எடுங்கள்.

மணிக்கு 54 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 15 மீட்டர். 200 மி.மீ. லென்ஸ், 15 மீட்டர் தூரம் என்றால் சட்டத்தின் அகலம் 2.7 மீட்டர்தான். கேமராவை அசைக்காமல் வைத்திருந்தால் படகு 0.18 விநாடியில் உள்ளே வந்து வெளியே போய்விடும். கண்ணால் பார்த்து அழுத்துவதற்குள் வெறும் நுரைதான் மிச்சம். ஆகவே தொடர்ந்து நகர்த்துவது தவிர வேறு வழியில்லை. படகு எந்த இடத்தில் படமாக வேண்டுமோ அந்தத் திசைக்குப் பாதங்களை வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து மேலே மட்டும் படகு வரும் பக்கம் திரும்புங்கள். அங்கிருந்து படகைப் பின்தொடர்ந்து, அது நேர் எதிரே வரும்போது நாலைந்து படம் தொடராக எடுத்து, அழுத்தி முடித்த பிறகும் திரும்புவதை நிறுத்தாமல் தொடருங்கள். பாதத்தை வந்த திசைக்கு வைத்துத் தொடங்கினால் சரியாக வேண்டிய கணத்தில் இடுப்பு முறுகி, நகர்த்தல் தடுமாறும்.

தொடக்கத்துக்கு 1/500. கை பழகியதும் 1/125. பின்கரை கோடுகளாக இழுபட்டு வேகம் தெரியும். 1/60-க்கு இறங்கினால் இன்னும் அழகு, ஆனால் வேகப் படகு அலைமேல் துள்ளிக்கொண்டே போவதால் மேலும் கீழுமாகக் கலங்கிப் பெரும்பாலான படங்கள் வீணாகும். லென்ஸில் அசைவு தடுக்கும் வசதி இருந்தால் அதைப் பேனிங் (கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுக்கும்) நிலைக்கு மாற்றுங்கள். சாதாரண நிலையில் அது நீங்கள் திருப்புவதையே அசைவென்று எண்ணி எதிர்த்து இழுக்கும்.

பின்னால் கோபுரமாக எழும் தண்ணீரை உறையவைக்க வேண்டுமென்றால் 1/2000 அல்லது அதற்கு மேல், எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400 அளவில். இங்கே திவலையின் உண்மை அளவு தெரிந்தால் நட்டமில்லை, அதுதான் படமே. ஒளி பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ இருந்து, பின்னணி இருட்டான மரநிழலாக அமைந்தால் ஒவ்வொரு துளியும் தனித்து மின்னும். வெளிறிய வானம் பின்னணியானால் நுரை அதில் கலந்து காணாமல் போகும்.

எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு இயந்திர ஷட்டரில் எடுங்கள். பெரும்பாலான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், வேகமாகத் திருப்பும்போது நேரான கம்பமும் பாய்மரமும் சாய்ந்து பதியும். போன் படங்களில் மரங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்பதற்கும் இதுவே காரணம்.

ஃபோகஸ் எங்கே வழுக்குகிறது

தொடர் ஃபோகஸ் முறை வேண்டும். சில கேமராக்களில் அது ஏஎஃப்-சி, சிலவற்றில் ஏஐ சர்வோ. சட்டம் முழுவதையும் தேடும் நிலையில் விட்டால் கேமரா முன்னால் மின்னும் அலையையோ தெறிக்கும் நுரையையோ பிடித்துக்கொள்ளும். நடுவில் சின்னப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, அதைக் கப்பலின் மாலுமி அறை மேலோ, பாயில் எழுதிய எண் மேலோ வைத்திருங்கள். எழுத்தில்லாத வெற்றுப் பாயில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு நேரம் பழைய இலக்கைப் பிடித்திருக்க வேண்டும் என்ற அமைப்பு இருந்தால் அதை அதிகமாக வையுங்கள், ஒரு நுரைத்தெறிப்புக்காகப் படகை விட்டுவிடாது. முகம் கண்டுபிடிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். எதிர்க்கரையில் நிற்பவரின் முகத்துக்குத் தாவுவது அதன் வழக்கம்.

கேமராவின் ஃபோகஸ் மெதுவானதென்றால் மிதவை முறைதான் நம்பகமானது. ஒரு மிதவையின் மேல் ஃபோகஸ் செய்து, கையால் மாற்றும் நிலைக்கு லென்ஸை மாற்றிவிட்டு, மிதவைக்கு அரை மீட்டர் பக்கத்தில் ஓட்டச் சொல்லுங்கள். 200 மி.மீ., 10 மீட்டர், எஃப்/8 என்றால் ஃபுல் ஃப்ரேமில் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 1.2 மீட்டர். தூரம் 6 மீட்டராகக் குறைந்தால் அது 43 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். முக்கால் பக்கமாக வரும் படகின் அணியமும் பின்முனையும் ஒன்றாக அதற்குள் அடங்காது. அப்போது அணியத்தை நோக்கிக் கூர்மை வையுங்கள், பின்முனை மங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒளி அளவு, ஃபில்டர், பின்கரை

மின்னும் தண்ணீர் கேமராவின் ஒளிக்கணிப்பை ஏமாற்றும். சட்டத்தில் மினுமினுப்பு கூடும்போதெல்லாம் படகு கறுத்துப்போகும், மரநிழல் வந்தால் வெளுக்கும். ஒரே ஓட்டத்தில் இரண்டும் நடக்கும். வெயில் நிலையாக இருந்தால் மேனுவலில் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுவது மேல். வைட் பேலன்ஸையும் (நிறச் சமநிலையையும்) வெயில் நிலையில் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் பச்சைத் தண்ணீர் நிறையும் சட்டங்களில் படகின் வெள்ளை ஊதாவாக மாறும்.

பொலரைசர் ஃபில்டரை ஏரிக்கு எடுத்துப்போவது பலரின் பழக்கம். தண்ணீர்ப் பரப்போடு ஏறத்தாழ 37 டிகிரி கோணத்தில் மேலிருந்து பார்க்கும்போதுதான் அது பிரதிபலிப்பை நன்றாக வெட்டும். தண்ணீர் மட்டத்தில் படுத்து எடுக்கும்போது பலன் சொற்பம், ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளி மட்டும் நட்டம். நின்று எடுக்கும்போது மாட்டலாம், ஆனால் பிரதிபலிப்பு போனால் ஏரியின் அடிச்சேறும் பாசியும் தெரியும்.

பின்கரையில் கார், வேலி, குப்பைத் தொட்டி, வாத்து எதுவும் இல்லாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, படகை அதற்கு நேரே ஓடச் சொல்லுங்கள். எதிர்க்கரை 50 மீட்டருக்கு அப்பால் இருந்தால் இலைகள் தனித்தனியாகத் தெரியாது, காடென்று கண் ஏற்றுக்கொள்ளும். 5 மீட்டரில் இருக்கும் நாணல் ஒன்று போதும் எல்லாவற்றையும் கெடுக்க. பாய்மரத்துக்குப் பின்னால் விளக்குக் கம்பம் முளைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

நின்று எடுத்த படத்தில் சாய்வாக ஓடும் கரையை மட்டமாக்கப் போனால் படகு சாய்ந்துவிடும். தண்ணீரில் நட்ட கம்பும் அதன் பிரதிபலிப்பும் ஒரே செங்குத்துக் கோட்டில் வருகின்றனவா என்று பார்த்து நேராக்குங்கள். தாழ்வாக எடுத்ததில் இந்தக் குழப்பம் கிடையாது, கரை சாய்ந்திருந்தால் கேமராவே சாய்ந்திருந்தது என்று பொருள். ரிமோட் ஆன்டெனா, மிதக்கும் இலை, பூச்சி இவற்றை அழிப்பதில் தவறில்லை. கூர்மையை அதிகம் கூட்டினால் சிற்றலைகள் மணல்போலச் சொரசொரப்பாகிவிடும், படகின் மேல் மட்டும் கூட்டினால் போதும்.

கேமராவை அன்றே ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) கொண்டுபோயிருந்தால் அதன் காலைக் கழற்றிக் கழுவிக் காயவிடாவிட்டால், ஏரி மணல் பூட்டுத் திருகுக்குள் இறங்கி அடுத்த முறை திருக வராது.